பெண்கள் பக்கத்துப் படங்கள்

அந்த ஸ்மார்ட் போர்டைக் கண்டாலே எனக்குப் பயம். விஞ்ஞானம் படிப்பிக்க வந்தவள் இப்படிச் சொல்வது வெட்கம்தான். கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருடம் படித்துவிட்டு, மூன்றாம் வருடக் கட்டுறு பயிற்சிக்காகச் சாய்ந்தமருதில் ஒரு பாடசாலைக்கு வந்த முதல் நாள், ஸ்மார்ட் போர்ட் பாவிக்கத் தெரியுமா என்று அதிபர் கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன். கல்லூரியில் எங்களுக்கு அதைக் காட்டினார்கள், அது பொய்யில்லை. முப்பத்தெட்டுப் பேரை வரிசையில் விட்டு, ஆளுக்கொரு தடவை தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். என் முறை வந்தபோது கரண்ட் போய்விட்டது.

முதல் கிழமையே என் வண்டவாளம் வெளியே வந்தது. தரம் எட்டுக்கு ஒளித்தெறிப்புப் பாடம். போர்ட் என்றால் போர்ட்தானே என்ற எண்ணத்தில், பையில் கிடந்த மார்க்கர் பேனையை எடுத்து அந்தக் கண்ணாடியிலேயே தலைப்பை எழுதிவிட்டேன். பின் வாங்கில் இருந்த றஸ்னா என்ற பிள்ளை எழும்பி, "டீச்சர், அதுக்கு விரலே காணும், பேனை வேணாம்" என்றாள். நாற்பது பிள்ளைகளும் ஒன்றாகச் சிரித்தார்கள். அழிக்கப் பார்த்தேன், அழியவில்லை. தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கும் றஊப் சேர் ஸ்பிரிட்டும் பஞ்சும் கொண்டுவந்து, ஒரு சொல் பேசாமல் துடைத்துத் தந்துவிட்டுப் போனார். அவர் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு வீம்புக்குப் படித்தேன். என்னோடு கல்லூரியில் ஒரே அறையில் இருந்த சிவரூபினிதான் குரு. அவள் திருக்கோவில்காரி. அங்கேயே ஒரு பாடசாலையில் பயிற்சியில் இருந்தாள். பாடத்தைப் படமாகச் செய்வது, அதில் அசைவு சேர்ப்பது எல்லாம் போனிலேயே சொல்லித் தந்தாள். இடமில்லை என்று என் போன் ஓயாமல் புலம்பியபோது, படங்களை எல்லாம் இணையத்தில் உள்ள கணக்கில் ஏற்றிவிட்டு, போனில் உள்ளதை அழித்துவிடு, தேவையான நேரம் இறக்கலாம் என்றாள். அப்படியே செய்தேன். போன் இலேசாகிவிட்டது. நானும் ஏதோ கற்றுத் தேர்ந்துவிட்டதாக நினைத்து மிதந்தேன்.

அப்படி ஏற்றியவற்றில்தான் என் அக்கா, ஸம்ஸியா ராத்தாவின் கல்யாணப் படங்களும் இருந்தன. பெண்கள் பக்கத்துப் படங்கள். இருநூற்றுப் பதினான்கு.

அந்தப் படங்கள் எப்படி என் கைக்கு வந்தன என்பதைச் சொல்லாவிட்டால் நான் பட்ட பாடு விளங்காது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ராத்தாவின் மாமியார், சுல்பிகா மாமி, மருதமுனையில் இருக்கிறார். கல்யாணத்தன்று ஆண்கள் வெளியே பந்தலில் இருந்தார்கள். பெண்கள் வீட்டுக்குள். மாமி உள்வாசலில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, மடியில் கடகப்பெட்டியை வைத்துக்கொண்டு, உள்ளே போகிற ஒவ்வொருத்தியின் போனையும் வாங்கி அதில் போட்டார். சிலர் முகத்தைச் சுளித்தார்கள். மாமி அசையவில்லை.

அவருக்குக் காரணம் இருந்தது. ஆறு வருடங்களுக்கு முன்பு இப்படி ஒரு கல்யாண வீட்டின் பெண்கள் பக்கத்தில், அவருடைய மகள் ஜெனூபா தலையை விரித்துப் பூ வைத்து, குரவை விட்டுச் சிரித்துக்கொண்டிருந்ததை யாரோ போனில் எடுத்துவிட்டார்கள். எடுத்தவள் கெட்ட எண்ணத்தில் எடுக்கவில்லை என்றுதான் சொல்கிறார்கள். தங்கைக்கு அனுப்பினாளாம். தங்கையின் போனை அவளுடைய மகன் பார்த்தானாம். ஒரு கிழமையில் அந்தப் படம் ஊர்ப் பொடியன்மாரின் போன்களில் எல்லாம் கிடந்தது. ஜெனூபாவுக்குப் பேசிவைத்திருந்த கல்யாணம் முறிந்தது. இரண்டு வருடம் அவள் வீட்டு வாசல் படலையைத் தாண்டவில்லை. பிறகு புத்தளத்தில் ஓர் இடத்தில் கட்டிக் கொடுத்தார்கள். ஊருக்கு வந்தால் இன்னும் முகத்தை மூடித்தான் வருவாள்.

என் முறை வந்ததும் நானும் போனை நீட்டினேன். மாமி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ படிப்பிக்கப் போற புள்ள. ஒன்ட போன் மட்டும் உள்ள போகட்டும்" என்றார். "எடு. ஆனா ஒருத்தருக்கும் அனுப்பக் கூடா. அல்லாவுக்காகச் சொல்றன் மகள்."

அனுப்பவில்லை. ராத்தா கேட்டும் அனுப்பவில்லை. கல்முனையில் ஒரு பெண் நடத்தும் ஸ்டூடியோவில் ஒரே ஓர் அல்பம் அடித்து, அதை ராத்தாவின் அலுமாரியில் வைத்துப் பூட்டுவது என்று பேச்சு. பயிற்சி மதிப்பீடு முடியட்டும், போகலாம் என்று மூன்று கிழமை தள்ளிவிட்டேன்.

மதிப்பீடு திங்கட்கிழமை. கல்லூரியிலிருந்து விரிவுரையாளர் வந்து என் பாடத்தைப் பின்னால் இருந்து பார்ப்பார். தொழில்நுட்பம் பாவித்தே ஆக வேண்டும், அதற்குத் தனிப் புள்ளி. வியாழக்கிழமை பாடசாலை விட்டதும் ஸ்மார்ட் வகுப்பறையில் தனியாக நின்று ஒத்திகை பார்த்தேன். என் பாடம் இணையத்தில் இருக்கிறது, அதைப் போர்டில் திறக்க வேண்டும். போர்டில் கட்டம் கட்டமாக ஒரு குறி வந்தது. அதற்கு நேரே போனைப் பிடிக்கச் சொன்னது. பிடித்தேன். போன் என்னமோ ஆங்கிலத்தில் நாலு வரி கேட்டது. யார் அதையெல்லாம் வாசிக்கிறார்கள்? அனுமதி என்று அழுத்தினேன். பாடம் அழகாக விரிந்தது. மனித இதயம் நீலமும் சிவப்புமாகத் துடித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு சந்தோசம். காவலாளி முகம்மது தம்பி காக்கா கதவைப் பூட்ட வந்து நின்றதால், அவசரமாக போர்டின் சுவிட்சை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்காகப் பாடசாலை நேரத்தோடு விட்டுவிடும். அன்று அந்த அறைப் பக்கமே நான் போகவில்லை.

சனிக்கிழமை காலை சிவரூபினி எடுத்தாள். திங்கட்கிழமைக்கு ஆயத்தமா என்று கேட்கத்தான் எடுத்தவள், பேச்சோடு பேச்சாகத் தன் பாடசாலையில் நடந்த ஒரு கூத்தைச் சொன்னாள். ஒரு கணித ஆசிரியர் தன் கணக்கால் ஸ்மார்ட் போர்டைத் திறந்து படிப்பித்துவிட்டு, கணக்கிலிருந்து வெளியேறாமல் வீட்டுக்குப் போய்விட்டாராம். போர்ட் சும்மா நிற்கும் நேரம் அந்தக் கணக்கில் உள்ள படங்களை எடுத்து ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கிவிட்டதாம். மறுநாள் காலை பிள்ளைகள் வந்து பார்த்தால், சேர் நுவரெலியாவில் தொப்பி போட்டுக் குதிரையில் இருக்கிறார், சேருடைய மனைவி வாளியோடு கிணற்றடியில் நிற்கிறார். சிவரூபினி மூச்சு முட்டச் சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. கையிலிருந்த தேநீர்க் கோப்பையை மேசையில் வைக்கப் பார்த்து, மேசையின் விளிம்பில் வைத்துவிட்டேன். அது விழுந்து உடைந்தது. குசினியிலிருந்து உம்மா என்ன சத்தம் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

"சிவா, கணக்கிலிருந்து வெளியேறாமல் வந்தா, வீட்டில இருந்தபடியே வெளியேறலாமா?" என்று கேட்டேன்.

வெளியேறலாம் என்றாள். கணக்கின் அமைப்பில் என்னென்ன கருவிகளில் திறந்திருக்கிறது என்று பட்டியல் இருக்கும், அதில் போர்டைக் கண்டுபிடித்து நீக்கலாம். ஆனால் தன் பாடசாலையில் வைஃபையைக் கழற்றிய பிறகும் படங்கள் ஓடிக்கொண்டே இருந்தன என்றும் சொன்னாள். போர்ட் தனக்குள் எடுத்து வைத்துக்கொண்டுவிட்டது போலும். "படங்கள கணக்கிலிருந்தே அடியோட அழிச்சாத்தான்டி நிச்சயம்" என்றாள். ஏன் கேட்கிறாய் என்று கேட்டபோது, சும்மா என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பட்டியலைத் தேடி எடுக்கவே அரை மணித்தியாலம் போனது. அவசரத்தில் வேறு எங்கெங்கோ அழுத்தினேன். கடைசியில் அகப்பட்டது. என் போன் இருந்தது. அதற்குக் கீழே பெயரில்லாமல் அண்ட்ரொயிட் என்று மட்டும் ஒன்று கிடந்தது, இரண்டு நாட்களுக்கு முன் பாவிக்கப்பட்டது என்று சொன்னது. இரண்டு நாள் என்றால் வியாழன். அதுதான் போர்ட் என்று முடிவு கட்டி நீக்கினேன். நீக்கியாயிற்று என்று வந்தது. ஆனால் எனக்கு அடங்கவில்லை. போர்ட் தனக்குள் எடுத்து வைத்திருப்பதை நான் எப்படி நீக்குவது?

அப்போதுதான் பாடசாலையின் வட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவித்தல் விழுந்தது. நாளை ஞாயிறு காலை எட்டரைக்கு, வலய ஆசிரியர்களுக்கான செயலமர்வு ஸ்மார்ட் வகுப்பறையில் நடைபெறும். வருகிறவர்கள் நாற்பது பேர். முக்கால்வாசி ஆண்கள். எங்கள் ஊரார், மருதமுனையார், அந்தப் படங்களில் உள்ள பெண்களின் காக்காமார், தம்பிமார், மச்சான்மார், அயலவர்கள்.

றஊப் சேருக்கு எடுப்போமா என்று யோசித்தேன். எடுத்து என்ன சொல்வது? சேர், போர்டில் பொம்பிளைகளின் படம் வரலாம், தயவுசெய்து பார்க்காமல் அழித்துவிடுங்கள் என்றா? சொன்னால் பார்ப்பார். சொல்லாவிட்டாலும் நாளைக்குக் காலையில் பார்ப்பார், நாற்பது பேரோடு. அவர் நல்ல மனிதர்தான். ஜெனூபாவின் படத்தை வைத்திருந்தவர்களில் பலரையும் ஊர் நல்ல மனிதர்கள் என்றுதான் சொல்லும். யோசித்து யோசித்து, கடைசியில் எடுத்தேன். அவர் தூக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்காக என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரம் குழுவில் இன்னொன்று வந்தது. றஊப் சேர் ஒரு படம் போட்டிருந்தார். செயலமர்வுக்கு அறை தயார் என்று கீழே எழுதியிருந்தது. வரிசையாகக் கதிரைகள், மேசையில் தண்ணீர்ப் போத்தல்கள். அறையின் கடைசியில், தூரத்தில், போர்ட் எரிந்துகொண்டிருந்தது.

படத்தைப் பெரிதாக்கினேன். போர்டில் ஏதோ தெரிந்தது. இன்னும் பெரிதாக்கினேன். நடுவில் கடும் ரோசா நிறம், சுற்றிவரப் பச்சை. ராத்தா கல்யாணத்துக்கு உடுத்தது கடும் ரோசாச் சாறி. அவளுக்குப் பின்னால் நாங்கள் கட்டியது பச்சை இலைத் தோரணம். மேலும் பெரிதாக்கினால் எல்லாம் கட்டம் கட்டமாகச் சிதறிற்று. சிறிதாக்கினேன், மறுபடி பெரிதாக்கினேன். அந்த ரோசா நிறத்துக்கு மேலே கறுப்பாக இருந்தது தலைமுடியா, நிழலா? எத்தனை தடவை பார்த்தேனோ தெரியாது. குழுவில் ஐம்பத்திரண்டு பேர் இருந்தார்கள், பாதிப் பேராவது அதற்குள் பார்த்திருப்பார்கள். ஒருவர் கைதட்டும் குறி போட்டிருந்தார். அந்தக் கை எதற்காகத் தட்டுகிறது?

அறைக் கதவைப் பூட்டிவிட்டு, கட்டிலில் இருந்து, கணக்கைத் திறந்தேன். படங்கள் வரிசையாக நின்றன. பார்க்கக் கூடாது, பார்த்தால் மனம் வராது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் கண்ணில் பட்டது. உம்மா தலைத்துணியில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார், அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. ராத்தாவின் கைகள் மருதாணியோடு இருந்தன. அயல்வீட்டுப் பிள்ளைகள் இடுப்பில் கைவைத்து நின்றார்கள். கடைசிப் பக்கத்தில் சுல்பிகா மாமி தனியாக ஒரு படத்தில் இருந்தார். எல்லாவற்றையும் தெரிவு செய்தேன். இருநூற்றுப் பதினான்கையும் அழிக்கவா என்று கேட்டது. ஓம்.

அழித்தவை குப்பைத் தொட்டியில் அறுபது நாள் கிடக்கும் என்றது. அறுபது நாளா? அங்கே போனேன். நிரந்தரமாக அழித்தால் மீட்க முடியாது என்றது. இந்த முறை ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். வாசித்துவிட்டுத்தான் அழுத்தினேன்.

பிறகு அபாயாவை மாட்டிக்கொண்டு வீதிக்கு ஓடினேன். போர்டுக்குள் இருப்பது இன்னும் இருக்கிறதே. ஓட்டோவில் இருந்தபடி ஆயத்துல் குர்ஸி ஓதத் தொடங்கினேன், பாதியில் விட்டுப்போய் முதலிலிருந்து தொடங்கினேன், மறுபடி விட்டுப்போனது. சின்ன வயதிலிருந்து மனனமாக இருக்கும் குர்ஆன் ஆயத்து. ஓட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். இவரும் பார்த்திருப்பாரோ என்று நினைத்தேன். அவருக்கும் அந்தக் குழுவுக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் அந்த நேரம் ஊரில் உள்ள ஆண்கள் எல்லாரும் பார்த்துவிட்டது போலத்தான் எனக்கு இருந்தது.

பாடசாலைப் படலையில் முகம்மது தம்பி காக்கா இருந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார். எப்போதும் சிரிப்பவர்தான். அன்றைக்கு அந்தச் சிரிப்பு எனக்குக் குத்திற்று. சேர் உள்ளே இருக்கிறாரா என்று கேட்டேன். ரெண்டு மூன்று பேர் இருக்கிறார்கள் என்றார்.

ஸ்மார்ட் வகுப்பறை மேல்மாடியில், நீளமான விறாந்தையின் கடைசியில். ஏறும்போதே பேச்சுச் சத்தம் கேட்டது. யாரோ சிரித்தார்கள். ஜன்னல் கண்ணாடியில் உள்ளேயிருந்து நிறங்கள் விழுந்தன. ரோசா நிறம் விழுந்தது. அது மாறி நீலமானது. பிறகு மஞ்சள். படங்கள் ஒவ்வொன்றாக ஓடுகின்றன. நான் அங்கேயே நின்றுவிட்டேன். திரும்பிப் போய்விடலாம், பயிற்சியும் வேண்டாம் படிப்பிப்பும் வேண்டாம், புத்தளத்துக்கோ எங்கேயோ போய்விடலாம் என்று உண்மையாகவே நினைத்தேன். துணியில்லாத உம்மாவின் தலை என் கண்முன் வந்தது. அதுதான் என்னை உள்ளே தள்ளியது.

போர்டில் ஒரு பூந்தோட்டம் இருந்தது. போர்டோடு சேர்ந்து வருகிற ஏதோ வெளிநாட்டுப் படம். கடும் ரோசா நிறத்தில் பூக்கள், சுற்றிவரப் பச்சை. அது போய் ஒரு நீல ஏரி வந்தது. அது போய் மஞ்சள் மணல் வந்தது. றஊப் சேரும் இரண்டு ஆசிரியர்களும் ஒலிபெருக்கி வயரைப் பிடித்துக்கொண்டு, எது எங்கே செருகுவது என்று சிரித்து வாக்குவாதப்பட்டுக் கொண்டிருந்தார்கள். ஒருவரும் போர்டைப் பார்க்கவே இல்லை.

என் கணக்கிலிருந்து வெளியேற மறந்துவிட்டேன் சேர் என்று சொன்னேன். அவர் வந்து போர்டின் மூலையைத் தொட்டு, மின்னஞ்சல் முகவரியைக் காட்டினார்.

"கல்லூரி தந்த மெயிலாலதானே தொறந்திரிக்கீங்க டீச்சர். இதுக்குள்ள ஒங்கட பாடம் மட்டும்தான் கிடக்கு. வேற ஒண்டுமில்ல" என்றார்.

எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. என் போனில் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. ஒன்று என்னுடையது. மற்றது விரிவுரையாளருக்குப் பாடத்திட்டம் அனுப்பவென்று கல்லூரி தந்தது. இந்தப் பாடத்தை அதில்தான் செய்தேன். வியாழக்கிழமை போன் அந்த நாலு ஆங்கில வரியில், எந்தக் கணக்கு என்பதைத்தான் கேட்டிருக்கிறது. கல்யாணப் படங்கள் அந்தப் போர்டின் பக்கமே வந்ததில்லை. வந்திருக்கவும் முடியாது. பட்டியலில் பெயரில்லாமல் கிடந்தது, அயல்வீட்டுப் பிள்ளை எங்கள் வீட்டில் கார்ட்டூன் பார்க்கிற என் பழைய போன். அதை வீட்டுக்குப் போய்த்தான் கண்டுபிடித்தேன்.

சேர் அங்கேயே வெளியேறிக் காட்டினார். நன்றி சொன்னேன். சொல்லிவிட்டு, நிரந்தரமாக அழித்ததை மீட்க ஏலுமா என்று கேட்டேன். எதை என்றார். ஒரு பாடத்தை என்றேன். குப்பையிலிருந்தும் அழித்துவிட்டால் ஏலாது டீச்சர், மறுபடி செய்யுங்கள், பாடம்தானே என்றார்.

விறாந்தைக்கு வந்து நின்றேன். ஓர் ஆணும் பார்க்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். அந்த நினைப்பு ஒரு நிமிடம் இருந்தது. பிறகு கல்யாணத்தன்று அந்த வீட்டுக்குள் ஒரே ஒரு போன்தான் போனது என்பது நினைவுக்கு வந்தது.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே ராத்தாவிடம் சொல்லிவிட்டேன். அவள் ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசவில்லை. கட்டிலில் இருந்து தன் கைகளைப் பார்த்தாள். மருதாணி எப்போதோ அழிந்துவிட்டது. "ஒண்டும் இல்லயா?" என்றாள். ஒன்றும் இல்லை என்றேன். "மாமிட்ட நீயே சொல்லு. நான் சொல்லமாட்டன்" என்று எழும்பிப் போனாள். அடுத்த நாள் முழுக்க என்னோடு கதைக்கவில்லை.

திங்கட்கிழமைப் பாடம் நன்றாக நடந்தது. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. போர்டுக்கு முன் நின்றபோது பயம் வரவில்லை, அவ்வளவுதான். அது என்னை இனி என்ன செய்துவிடும்? இதயம் துடித்தது. றஸ்னாவைக் கூப்பிட்டு இரத்தம் ஓடும் வழியை விரலால் கீறச் சொன்னேன், அவள் கீறினாள். நடுவில் ஒரு தடவை போர்ட் என்னமோ கேட்டது. நின்று, முழுவதையும் வாசித்து, பதில் சொன்னேன். விரிவுரையாளர் தொழில்நுட்பப் பயன்பாட்டுக்கு முழுப் புள்ளி போட்டார். நிதானமாகப் பாவிக்கிறீர்கள் என்று வாயாலும் சொன்னார். என் பயம் முழுவதும் அப்போது சுல்பிகா மாமியிடம் போய்விட்டிருந்தது. எப்படிச் சொல்வது? என்னை நம்பி உள்ளே விட்ட மனுசியிடம், பாதுகாக்கிறேன் என்று நானே எல்லாவற்றையும் அழித்தேன் என்று எந்த வாயால் சொல்வது?

நான் போக வேண்டி வரவில்லை. அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மாமியே வந்தார். நான் பாஸ் பண்ணிவிட்டேன் என்று ராத்தாவின் மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார். ஒரு டப்பாவில் தொதல் இனிப்புக் கொண்டுவந்தார். உம்மாவோடு கொஞ்சம் கதைத்தார். பிறகு டப்பாவோடு என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். யாரோ சொல்லிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

மாமி கட்டில் ஓரத்தில் இருந்தார். தலைத்துணியைச் சரி செய்தார். வாசலில் கடகப்பெட்டியோடு இருந்தவரைப் போல இல்லை. என்னை நேரே பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக் கதைத்தார்.

"அண்டைக்கு எல்லாரும் போன பொறகு, என்னய ஒரு படம் எடுத்தாய் மகள். நான்தான் எடுக்கச் சொன்னன். ஞாபகமா?"

ஞாபகம். கடைசிப் பக்கத்தில் தனியாக இருந்த படம். எடுத்துவிட்டுக் காட்டப் போனபோது, இப்ப வேணாம், வீடு அடங்கட்டும் என்று சொல்லியிருந்தார்.

"அண்டைக்குப் போலச் சாறி உடுத்து எத்தினையோ வருசம். அரசாங்கக் காயிதங்களுக்குத் தவிர வேற ஒண்டுக்கும் நான் படம் எடுத்ததில்ல. கடவுச்சீட்டு, அடையாள அட்ட, அவ்வளவுதான். அத ஒருக்கா காட்டு. பாத்துப்போட்டு அழிச்சிரு" என்றார்.

நான் அவருடைய காலடியில் தரையில் இருந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். சிவரூபினி சிரித்ததிலிருந்து, ரோசாப் பூவிலிருந்து, ஒவ்வொரு சொல்லாக வாசித்து அழுத்தியது வரை. சொல்லும்போது அழவில்லை. அழுதால் அவர் என்னைத் தேற்றுவார், அந்தத் தேற்றல் எனக்கு வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மாமி டப்பாவின் மூடியைத் திறந்தார், மூடினார்.

"அப்ப அந்தப் படங்கள ஆம்புளயள் ஒருத்தரும் பாக்கல்ல" என்றார்.

"ஒருத்தரும் பாக்கல்ல மாமி. சத்தியமா."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அதை மனதாரத்தான் சொன்னார். எழும்பி, தலைத்துணியை இழுத்துப் போட்டு, கதவுப் பிடியில் கைவைத்தார். பிறகு திரும்பாமலே சொன்னார்.

"நானும் பாக்கல்ல மகள்."